நாற்பது வாட்ஸுக்கு மேல் போடக்கூடாது

3 நவ. 1992, செவ்வாய்

விடியத் தொடங்கின மழை. ஹோலிலை இருக்கிற மேசை லாம்பின்ரை பல்ப் போச்சு. இவர் மினிகாப், வாடகைக் கார், ஓடிப்போட்டு வந்து அதுக்குக் கீழை இருந்துதான் பேப்பர் பாக்கிறது.

வாங்க: பால். கறிக்குக் கோவா. சுதாவுக்குப் பள்ளிக்கூடக் கொப்பி. பல்ப்.

கன்ரீன் வேலை முடிஞ்சு வரேக்கை சூப்பர்மாக்கற்றிலை ஒண்டு எடுத்தன். வீட்டை வந்து பாத்தால் மரை வைச்சது, சுத்திப் பூட்டிறது. எங்கடை லாம்புக்குக் குத்தித் திருப்பிறது வேணும். பழசைக் கையோடை கொண்டு போயிருக்கலாம். மூளை வேலை செய்யேல்லை.

இவர் பேப்பரை மடிச்சு வைச்சிட்டு இருட்டுக்கை இருந்தார்.

4 நவ. புதன்

மழை இல்லை. குளிர். பழைய பல்ப்பைக் கடதாசியிலை சுத்திக்கொண்டு மூலையிலை இருக்கிற சாமான் கடைக்குப் போனன். சைப்பிரஸ்காரக் கிழவரின்ரை கடை. ஒரு சுவர் முழுக்கப் பல்ப். பெரிய குத்தி, சின்னக் குத்தி, பெரிய மரை, சின்ன மரை. பால் நிறம், கண்ணாடி மாதிரி. உருண்டை, மெழுகுதிரி போலக் கூர்.

"எத்தனை வாட்ஸ்?" எண்டு கேட்டார். பழசிலை எழுத்து அழிஞ்சு போச்சு, தெரியாது எண்டன். லாம்பிலை ஒட்டியிருக்கும், பாக்காமல் போடாதை, துணித் தொப்பி எண்டால் கருகும் எண்டார்.

திரும்பி வந்து தொப்பியைக் கவிட்டுப் பாத்தன். 40க்கு மேல் போடக்கூடாது. திரும்பப் போனன். பெரிய குத்தி, பால் நிறம், 40.

போட்டன். நல்ல வெளிச்சம்.

இவர் வந்து இருந்து பாத்திட்டு, "இதென்ன, கோயில் விளக்கே? எழுத்துத் தெரியேல்லை."

6 நவ. வெள்ளி

நேற்றும் இண்டைக்கும் இந்த நாட்டுக்காரரின்ரை நவம்பர் வாணவெடி, ஊரிலை கேட்ட செல்லடி மாதிரி. பழகீட்டன் எண்டு நினைச்சது பிழை.

60 வாங்கச் சொன்னார். லாம்பிலை 40 எண்டெல்லோ போட்டிருக்கு எண்டன். "அவங்கள் அப்பிடித்தான் எழுதுவாங்கள்." வாங்கினன், 60. பால் நிறம் வெளிச்சத்தை மறைக்குதாம். பிறகு கண்ணாடி மாதிரி இருக்கிறதிலை 60. இப்ப கண் கூசுதாம், எழுத்து மட்டும் தெரியேல்லையாம்.

கிழவர் நாலாந்தரம் என்னைக் கண்டிட்டுச் சிரிச்சார். "உன்ரை புருசனுக்கு என்ன தொழில், வைரம் வெட்டுறதோ?"

நானும் சிரிச்சன்.

8 நவ. ஞாயிறு

இவர் தானே போய் 100 வாங்கிவந்து போட்டார். அரை மணித்தியாலத்திலை கருகல் மணம். ஓடிப்போய் நிப்பாட்டினன். தொப்பியிலை உள்ளங்கை அளவு மண்ணிறம்.

"வீட்டைக் கொளுத்தப் போறீங்களோ?"

"இந்த வீட்டிலை ஒரு வெளிச்சம் ஒழுங்கா இல்லை. ஒண்டைச் சரியாப் பாத்து வாங்கத் தெரியாது உனக்கு."

சுதாவுக்குப் பதினாறு வயசு. எங்கடை சண்டைக்குள்ளை வாறேல்லை. முந்தி வாங்கின 40ஐப் போட்டிட்டு அதுக்குக் கீழை இருந்து வீட்டுப்பாடம் எழுதினாள். பொடி எழுத்துப் புத்தகம். கிட்டப் போய் நிண்டன்.

"காணுமோ பிள்ளை வெளிச்சம்?"

"இட்ஸ் ஃபைன் அம்மா. அப்பாக்குத்தான் தெரியேல்லை."

சாதாரணமாத்தான் சொன்னாள். நான் குசினிக்குள்ளை போய்க் கழுவின கோப்பையளைத் திரும்பக் கழுவினன்.

10 நவ. செவ்வாய்

ரெண்டு நாளா இவரைப் பாக்கிறன். களவாப் பாக்கிற மாதிரி. தேத்தண்ணி இடப்பக்கம் வைச்சால் தெரியாது. கதவு நிலையிலை தோள் இடிபடுது. வீதிப் படப் புத்தகத்தைத் திறந்தால் தலையைத் திருப்பித் திருப்பித் தேடுறார். ஏழு வருசமாக் கார் ஓடுற மனிசன்.

பின்னேரம் சாமான் வாங்க என்னைக் கூட்டிக்கொண்டு போனார். ஆக்கள் றோட்டைக் கடக்கிற கோட்டுக் கடவையிலை ஒரு பொம்பிளை பிள்ளை வண்டிலோடை இடப்பக்கத்தாலை இறங்குறாள். இவர் ஓடிக்கொண்டே இருக்கிறார். நான் கத்தினன். பிறேக் பிடிச்சார். வண்டிலுக்கும் காருக்கும் இடையிலை ஒரு முழம்.

"பாத்தனான்," எண்டார்.

பாக்கேல்லை. எனக்குத் தெரியும், அந்தப் பொம்பிளைக்கும் தெரியும். அவள் எங்களைப் பாத்த பார்வை இன்னும் போகேல்லை.

12 நவ. வியாழன்

மூக்குக்கண்ணாடிக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனன். கண்ணாடி மாத்தினால் சரி எண்டு சொல்லிக்கொண்டுதான் வந்தவர். சோதிச்ச பெட்டை முகம் மாறிப் போச்சு. கண்ணாடி எழுதேல்லை. ஆஸ்பத்திரிக்குக் காயிதம் எழுதினாள். அவசரம் எண்டு மேலை போட்டிருக்கு.

வழி முழுக்க நான் கோவா விலை பற்றிக் கதைச்சன்.

19 நவ. வியாழன்

ஆஸ்பத்திரி. காலமை 9 தொடங்கி 2 மணி வரை.

ஒரு பெட்டிக்குள்ளை முகத்தை வைக்க வேணும். புள்ளி வெளிச்சம் வந்தால் பட்டனை அமத்த வேணும். நான் திரைக்கு வெளியிலை கதிரையிலை. பட்டன் சத்தம் கேட்டது, பிறகு கேக்கேல்லை. நிமிசக் கணக்கா ஒரு சத்தமும் இல்லை. மெசின் பழுதாக்கும் எண்டு நினைச்சன். அப்பிடி ஒரு ஆசை.

கண்ணுக்குள்ளை அழுத்தம். கனகாலமா இருந்திருக்காம். நரம்பு செத்துப் போச்சு. போனது போனதுதான், சொட்டு மருந்து மிச்சத்தைக் காப்பாத்தும், அதுவும் நிச்சயம் இல்லை எண்டார் டொக்டர். இளம் ஆள். நல்ல மாதிரி.

பிறகு கேட்டார், "கார் ஓடுறனீங்களோ?"

இவர், "இல்லை."

டொக்டர் என்னையும் பாத்தார். நான் கைப்பையைத் திறந்து எதையோ தேடினன்.

20 நவ. வெள்ளி

வேலைக்குப் போயிட்டார். கார்த் திறப்பை ஒளிக்க நினைச்சன், ஒளிக்கேல்லை. நாலரைக்கே இருண்டிட்டுது. யன்னலிலை நிண்டன். கார்ச் சத்தம் கேட்டாப் பிறகுதான் கோட்டைக் கழட்டினன்.

"சொட்டு மருந்து விட்டால் சரியாகீடும் புவனா. ஒருத்தருக்கும் சொல்லிப் போடாதை. இதை விட்டால் எனக்கு என்ன தெரியும்?"

ஓம் எண்டன்.

23 நவ. திங்கள்

சொல்லீட்டன்.

இவர் வெளிக்கிட்டுப் பத்து நிமிசத்திலை மினிகாப் ஒஃபீசுக்குப் போன் அடிச்சன். தேவண்ணை எடுத்தார். அவர்தான் அங்கை ஓட்டம் பிரிச்சுக் குடுக்கிறது. பேர் சொல்ல முதலே குரலைக் கண்டுபிடிச்சிட்டார்.

"அண்ணை, இவருக்குக் கண் தெரியாது. ஓட விடாதேங்கோ."

"எப்ப இருந்து, தங்கச்சி?"

எனக்குத் தெரியாது எண்டன். அது உண்மை.

பதினொண்டரைக்கு இவர் பஸ்ஸிலை வந்தார். கார் அங்கை நிக்குது. சப்பாத்தும் கழட்டாமல் கட்டிலிலை படுத்திட்டார், சுவர்ப் பக்கம். கோபமாக் கத்தியிருந்தால் தாங்கியிருப்பன்.

26 நவ. வியாழன்

மூண்டு நாள் என்னோடை ஒரு சொல் இல்லை. மருந்து விட மட்டும் முகத்தை நிமித்திக் குடுக்கிறார். விட்டவுடனை திருப்பிறார். சுதா ரெண்டு பேருக்கும் இடையிலை சாப்பாட்டுக் கோப்பை காவித் திரியிறாள். கன்ரீனிலை பருப்புக்கு ரெண்டுதரம் உப்புப் போட்டு ஏச்சு வாங்கினன்.

முப்பது வருசம் ஒரு மனிசனோடை இருந்து கடைசியிலை பின்னாலை குத்தினது நான். இது மாறாது. அவர் செத்தாலும் மாறாது.

27 நவ. வெள்ளி

பனிப்புகார். மத்தியானம் சுதா பள்ளிக்கூடத்திலை. மன்னிப்புக் கேக்கலாம் எண்டு தேத்தண்ணியோடை போய்க் கட்டில் காலடியிலை இருந்தன். நான் வாய் திறக்க முதல் இவர் தொடங்கினார், சுவரைப் பாத்தபடி.

"செப்ரெம்பரிலை ஒரு மனிசனைத் தட்டினனான். சைக்கிளிலை வந்தவர். இடப்பக்கத்தாலை. விழுத்திப் போட்டன்."

"நிப்பாட்டினீங்களோ?"

"கொஞ்சம் தள்ளி. காருக்குள்ளை இருந்து திரும்பிப் பாத்தனான். ஆக்கள் கூடீட்டினம். பயத்திலை இறங்கேல்லை. ஓடீட்டன்."

மன்னிப்பு எண்ட சொல் எங்கை போச்சோ தெரியாது. கோப்பையை நிலத்திலை வைச்சன். பிறகு கேட்டன், அந்த மனிசன் எழும்பி நடந்தவரோ எண்டு.

"நடந்த மாதிரித்தான் இருந்தது," எண்டார். "எனக்கு வடிவாத் தெரியேல்லை."