திருகைச் சத்தத்தில் கேளாத பதில்

இன்று காலை பள்ளிக்கூட வாசலில் நின்று முந்தானையை உதறினேன். கேழ்வரகு மாவு பறந்தது. அப்போதுதான் அரைத்த மாவின் வாசனை மூக்கில் ஏறியதும் உன் நினைவு வந்துவிட்டது. இந்த ஐப்பசியோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. உன்னிடம் கேட்க நினைத்துக் கேட்காமலே விட்ட கேள்வி ஒன்று என்னிடம் இருக்கிறது. இத்தனை வருஷம் ஒரே கூரையின் கீழ் இருந்தோம், ஒரே பானையில் பொங்கித் தின்றோம். நாளைக்குக் கேட்டுக்கொள்ளலாம் என்றே இருந்துவிட்டேன்.

நாம் இருவரும் ஆசிரியைப் பயிற்சிப் பள்ளியை முடித்து இங்கே வந்தது ஜெர்மன் சண்டை தொடங்குவதற்கு நாலைந்து வருஷம் முன்பு. பாலக்கோட்டுக்கு மேற்கே, மைசூர் எல்லைப் பக்கம், பண்ணையாட்கள் குடியிருக்கும் ஊர். பாதி வீடுகளில் தமிழ், பாதி வீடுகளில் கன்னடம், வாய்ச்சண்டை வந்தால் இரண்டும். மிஷன் போட்டுக்கொடுத்த கொட்டகையில் பதினாலு பிள்ளைகள். நீ அழைப்பு வந்து வந்தவள். நான் வேறு போக்கிடம் இல்லாமல் வந்தவள். அதை நீ ஒருநாளும் குத்திக்காட்டியதில்லை. நான்தான் உன்னைச் சீண்டிக்கொண்டே இருப்பேன்.

"ஏன்டி, கடவுள் உன்னை எப்படித்தான் கூப்பிட்டாரு? பேரைச் சொல்லியா, இல்ல, ஏ புள்ளேன்னா?"

"உனக்கும் ஒருநாள் கேக்கும். அப்பத் தெரிஞ்சுக்கோ."

எனக்கு ஆத்திரமாக வரும். நான் கேலிக்காக மட்டும் கேட்கவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள ஆசைப்பட்டேன்.

வந்த முதல் மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெற்றோர்களையெல்லாம் கொட்டகையில் உட்காரவைத்து நீ பேசினாயே, ஞாபகம் இருக்கிறதா? "நாங்க ஆண்டவருடைய ஊழியத்துக்கு வந்திருக்கோமுங்க. உங்க பிள்ளைங்களையும் அவருடைய ஊழியத்துக்கு ஒப்புக்கொடுங்க" என்றாய். சொல்லும்போதே உனக்குக் கண் கலங்கியது. கேட்டவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு எழுந்து போனார்கள். உருகிப் போய்விட்டார்கள் என்று நாம் நினைத்தோம்.

திங்கட்கிழமை ஒரு பிள்ளைகூட வரவில்லை. செவ்வாய்க்கிழமையும் பாய் காலியாகவே கிடந்தது. அடுத்த வாரம் இன்ஸ்பெக்டர் வருவதாக இருந்தது. பிள்ளைகள் இல்லையென்றால் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு நம்மைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீ மூலையில் முழங்கால் போட்டு ஜெபித்தாய். எனக்கு அந்தப் பொறுமை ஏது? என்ன நடந்தது என்று தெரியாவிட்டால் எனக்குத் தலை வெடித்துவிடும். நேரே மாதம்மாள் வீட்டுக்குப் போனேன்.

அவளுடைய மகள் மல்லி திருகையில் கேழ்வரகு அரைத்துக்கொண்டிருந்தாள். எழுத்துகளை எல்லோருக்கும் முன்னால் கற்றுக்கொண்ட பெண். என்னைப் பார்த்ததும் எழப் போனவளை மாதம்மாள் ஒரு பார்வையில் உட்காரவைத்தாள்.

"எங்க வூட்டுக்காரரு ஏழு வயசுல ஆண்டே வூட்டு ஊளிகத்துக்குப் போனவருங்க. இன்னும் அந்த மாட்டுக் கொட்டாயிலதான் கெடக்கறாரு. இப்ப எம் புள்ளையையும் கேக்கறீங்களே, உங்களுக்கு மனசு வருதுங்களா?"

முதலில் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. துருவித் துருவிக் கேட்ட பிறகுதான் புரிந்தது. அவர்கள் கன்னடத்தில் ஊளிகம் என்றால் பெரிய வீட்டுக்குச் செய்யும் அடிமை வேலை. பண்ணைக்காரரை அவர்கள் ஆண்டே என்பார்கள். நீ ஆண்டவருடைய ஊழியத்துக்குப் பிள்ளைகளைக் கேட்டாய். ஆண்டே வீட்டு ஊளிகத்துக்கு ஆள் பிடிக்க வந்திருக்கிறோம் என்று ஊரே முடிவு செய்துவிட்டது.

வழியெல்லாம் சிரித்துக்கொண்டே ஓடிவந்து உன்னிடம் சொன்னேன். நீ சிரிக்கவில்லை.

"அவங்க சரியாத்தான் கேட்டிருக்காங்க. அந்த வார்த்தையில அவங்க பட்டது எனக்குத்தான் தெரியல" என்றாய். உடனே என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பினாய்.

மாதம்மாளிடம் நீ விளக்கம் ஒன்றும் சொல்லவில்லை. "ஊளிகம் எங்களுக்குத்தானுங்க. உங்க பிள்ளை யார் வூட்டு ஊளிகத்துக்கும் போகக் கூடாதுன்னுதான் படிக்கக் கூப்பிடறோம்" என்றாய். மாதம்மாள் லேசில் விடுகிறவளா?

"பேச்சு நல்லாத்தான் இருக்குது. இவ வந்துட்டா ராகி அரைக்கறது யாருங்க? நான் களையெடுக்கப் போவணும். பொழுதோட களி கிண்டணும்."

நீ புடவையைச் செருகிக்கொண்டு மல்லியின் இடத்தில் உட்கார்ந்தாய். திருகை உனக்கு அடங்கவில்லை. பாதி தானியம் முழுசாக வெளியே விழுந்தது. மாதம்மாளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மல்லி வெறுங்கையோடு நின்றாள். பிறகு கையைப் பாவாடையில் துடைத்துவிட்டு என் விரலைப் பிடித்தாள். அவளோடு நான் வாசலைத் தாண்டும்போது மாதம்மாள் உன்னிடம் கேட்டாள்:

"அப்ப, உங்கள இந்த ஊளிகத்துக்கு யாருங்க கூப்டாங்க?"

நான் சட்டென்று நின்றேன். நான் கேட்டு நீ சொல்லாத அதே கேள்வி! நீ கல்லைச் சுற்றிக்கொண்டே ஏதோ சொன்னாய். உதடு அசைந்தது. கல் சத்தத்தில் ஒன்றும் காதில் விழவில்லை. மல்லி இழுத்த இழுப்பில் நான் வந்துவிட்டேன்.

மறுநாள் ஐந்து பிள்ளைகள் வந்தார்கள். இன்ஸ்பெக்டர் வந்த அன்று பன்னிரண்டு. அதற்குள் நீ நாலு வீட்டில் மாவரைத்துக் கை கொப்பளித்திருந்தாய். அதன்பின் ஊழியம் என்ற சொல்லை அந்த ஊரில் நீ உச்சரிக்கவே இல்லை.

உன் காய்ச்சல் நாட்களிலாவது கேட்டிருக்கலாம். நீ குணமாகிவிடுவாய் என்று நம்பி அதையும் தள்ளிப்போட்டேன். உன்னை அடக்கம் செய்த பிறகு, டவுன் பள்ளிக்கு மாற்றல் வேண்டுமா என்று கேட்டு மிஷன் மேனேஜர் எழுதியிருந்தார். வேண்டாம் என்று எழுதினேன். ஏன் அப்படி எழுதினேன் என்று எனக்கே சரியாகத் தெரியவில்லை. அன்று திருகையடியில் நீ என்ன சொன்னாய் என்று மாதம்மாளிடம் ஒருநாள் விசாரித்தேன். "என்னமோ சொன்னாங்கம்மா. கல்லுச் சத்தத்துல எனக்கும் கேக்கலைங்க" என்றாள். எனக்கு வந்த அழுகையை அவள் பார்க்காதபடி திரும்பிக்கொண்டேன்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். புதிதாகக் குடிவந்த ஒரு வீட்டில், மூத்த பெண்ணை அனுப்பமாட்டேன் என்றாள் தாய். காரணம் அதே திருகைதான். நான் உட்கார்ந்து சுற்றினேன். உன்னைவிட நன்றாகவே சுற்றுவேன், கோபித்துக்கொள்ளாதே. அந்தப் பெண் சிலேட்டோடு ஓடிய பிறகு தாய் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"உங்கள யாருங்க டீச்சரம்மா கூப்டாங்க?"

கை நின்றுவிட்டது. பிறகு மறுபடியும் கல்லைச் சுற்றினேன்.

"யாருன்னு சத்தத்துல சரியாக் கேக்கலம்மா," என்றேன். "ஆனா வந்துட்டேன்."