வெறுங்கண்ணால் பார்த்தது

அன்புள்ள மகளுக்கு,

அப்பாவின் சவப்பெட்டியை வெளியே கொண்டுபோனபோது இடித்து, நம் கேட்டின் கீல் உடைந்துவிட்டது. அந்தச் சின்ன வேலைக்குச் சேலையூரில் எந்தப் பட்டறையிலிருந்தும் ஆள் வரவில்லை. அதனால் தாம்பரத்தில் ஒரு தொழிற்பள்ளியில் நானே வெல்டிங் கற்றுக்கொள்கிறேன். சேலை கூடாதாம். அப்பாவின் பேண்ட்டை பெல்ட் போட்டு இறுக்கிக்கொள்கிறேன்.

மாஸ்டர் ஷாகுல் பலகையில் கோணலாகக் கோடு போட்டால்கூடச் சொல்லிவிடுவேன். "மேடம் வந்தா எனக்கே பயமா கீது" என்று சிரிப்பார்.

நேற்று வெல்டிங் குச்சி தகட்டில் ஒட்டிக்கொண்டே இருந்தது. ஏன் என்று பார்க்க முகமூடியை விலக்கிவிட்டேன். "இன்னா மேடம், வெறுங்கண்ணால பாக்குறீங்க!" என்று கத்தினார்.

சாயங்காலம் மணலை அள்ளிப் போட்டதுபோல் கண் எரிந்தது. நீர் நிற்கவில்லை. கண்ணில் வைக்க உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தபோது எதிர்வீட்டு ஷீலா வந்தாள்.

"அப்பாடா, இப்பவாவது அழுதீங்களே ஆன்ட்டி. அடக்கத்தன்னிக்குக் கல்லு மாதிரி நின்னீங்க. உங்க பொண்ணு எவ்ளோ வருத்தப்பட்டா தெரியுமா?"

தெரியும். ஒரு சொட்டுக்கூட வரவில்லையா என்று நீ கேட்டாய். அதற்குப் பிறகு நீ போன் செய்யவில்லை.

யார் தப்பாகச் சொன்னாலும் திருத்துகிற நான் ஷீலாவைத் திருத்தவில்லை. அவள் உனக்குப் போன் செய்து சொல்வாள். நீயும் திருத்த வேண்டாம்.

கீலைக் கம்பியால் கட்டி வைத்திருக்கிறேன். வரும்போது கேட்டைக் கொஞ்சம் தூக்கித் தள்ளு.

அம்மா