என்னை ஏன் இறக்கிவிட்டான்

மார்ச் 4, செவ்வாய்

பல் டாக்டர் இன்று ரிவர்ஸ் எடுக்கும்போது குப்பைத் தொட்டியை இடித்துவிட்டார். போன வாரம் இடித்த அதே தொட்டி. இறங்கிப் போய், அதற்கு வலிக்கிறதா என்று கேட்பதுபோல் குனிந்து பார்த்தார். "மேடம், ஒருத்தர் வாயில மெஷினை வெச்சா என் கை ஒரு நூல் நகராது. இந்த வண்டி மட்டும் என் பேச்சைக் கேக்கவே மாட்டேங்குது" என்றார். "நீங்க சொன்னதைத்தான் சார் அது கேக்குது, அதுதான் பிரச்சினையே" என்றேன். இருவரும் சிரித்துச் சிரித்து அடுத்த வகுப்புக்குப் பத்து நிமிடம் தாமதம்.

நான் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி ஆரம்பித்துப் பதினான்கு வருடம் ஆகிறது. இன்றைக்கும், யாராவது ஒருவர் முதல்முறையாக வண்டியை அணையவிடாமல் நகர்த்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்க்கும் அந்த முகத்துக்காகத்தான் காலையில் எழுந்து போகிறேன்.

வீட்டுக்கு வந்தால் ஒரு கடிதம். தொடர் கொலைகாரர்களின் மனதை ஆராயும் ஒரு பேராசிரியை எழுதியிருந்தார். ஏழு பெண்களைக் கொன்றவனைப் பற்றிப் புத்தகம் எழுதுகிறாராம். 'அவன் காரில் ஏறி உயிரோடு இறங்கியவர் நீங்கள் ஒருவர்தான். உங்களை ஏன் விட்டான் என்பது புரிந்தால் அவனையே பாதி புரிந்துகொள்ளலாம் என்று நினைக்கிறேன்.'

மடித்து மைக்ரோவேவ் மேல் வைத்தேன்.

மார்ச் 5, புதன்

கடிதம் மைக்ரோவேவ் மேலேயே இருக்கிறது. பால் சுட வைக்கும்போதெல்லாம் அதுவும் சேர்ந்து சூடாகிறது.

மார்ச் 9, ஞாயிறு

அக்கா சாப்பிட வந்தாள். கடிதத்தைக் காட்டினேன். அவ்வளவுதான், இருபத்திரண்டு வருடமாக நடக்கும் பட்டிமன்றம் மறுபடி தொடங்கிவிட்டது.

அக்கா கட்சி: அன்றைக்கு எனக்குக் காய்ச்சல், மூக்கு ஒழுகிக்கொண்டிருந்தது, பார்க்கச் சகிக்காமல் விட்டுவிட்டான். என் வீட்டுக்காரர், இவர் கட்சி: "வண்டியில ஏறினதுலேந்து இறங்குற வரைக்கும் நீ வாய் மூடியிருக்க மாட்டே. அவனுக்கே தலைவலி வந்திருக்கும். எனக்குத் தெரியாதா?" அம்மா உயிரோடு இருந்தவரை தன் பிரார்த்தனைதான் என்று அடித்துச் சொல்வாள். எல்லாரும் சிரித்தோம். மகள் சிரித்ததில் தண்ணீர் புரையேறிவிட்டது. எங்கள் வீட்டில் இது சிரிக்கும் கதையாகி வெகுகாலம் ஆகிறது. அப்படி ஆக்கித்தான் பிழைத்தோம்.

நடந்தது இவ்வளவுதான். எனக்கு இருபத்தொன்று. துணிக்கடை வேலை முடிந்து சாயங்காலம் மழையில் நின்றேன். ஒருவர் மரியாதையாகக் காரை நிறுத்தினார். ஏறினேன். நாற்பது நிமிடம், எங்கெங்கோ சுற்றினார். வழி தவறிவிட்டது என்றார். அப்பா இறந்துபோனதைப் பற்றி நான் பேசிக்கொண்டே வந்தேன். கடைசியில் எங்கள் தெருமுனையில் நிறுத்தி, "இறங்குங்க" என்றார். நன்றி சொன்னேன்! மூன்று மாதம் கழித்துச் செய்தித்தாளில் அந்த முகம்.

சிரிக்காத பகுதியை யாரிடமும் சொன்னதில்லை. நான் சாட்சி சொல்லிவிட்டு வெளியே வந்தபோது ஒரு அம்மா வழிமறித்தார். எனக்குப் பதினோரு நாள் கழித்து அந்தக் காரில் ஏறிய பெண்ணின் அம்மா. "உன்கிட்ட என்னம்மா இருந்துச்சு, என் பொண்ணுகிட்ட இல்லாதது?" என்றார். கோபமாகக்கூடக் கேட்கவில்லை. நிஜமாகத் தெரிந்துகொள்ளக் கேட்டார்.

என்கிட்ட என்ன இருந்துச்சு?

மார்ச் 13, வியாழன்

பேராசிரியை வந்தார். ஐம்பத்தைந்து இருக்கும். இரண்டு பஸ் மாறி, தப்பான நிறுத்தத்தில் இறங்கி, குதிகால் பிய்ந்த செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து நின்றார். ஏதோ கறுப்பு உடையில் ஒரு கடுகடு ஆளை எதிர்பார்த்திருந்தேன். இவரோ சோபாவில் உட்கார்ந்ததும், "கொஞ்சம் தண்ணி குடுங்க, அப்படியே பசை இருந்தாலும் குடுங்க" என்றார்.

கார் இல்லையா என்று கேட்டேன்.

"ஓட்டத் தெரியாது. பயம்."

"கொலைகாரங்களோட தனியா உக்காந்து பேசுறீங்களே?"

"அங்க காவலர் இருப்பாரு. ரோட்ல யாரு இருக்கா?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. ஒரு ஒப்பந்தம் போட்டோம். வாரம் இரண்டு வகுப்பு அவருக்கு நான் எடுப்பது. வகுப்பு முடிந்ததும் அவர் கேள்விக்கு நான் பதில் சொல்வது.

மார்ச் 20, வியாழன்

பேராசிரியை ஸ்டியரிங்கைப் பிடிப்பது, யாரோ அதைப் பிடுங்கிக்கொண்டு ஓடப்போகிறார்கள் என்பதுபோல் இருக்கிறது. சைக்கிளில் போன தபால்காரர் எங்களை முந்திவிட்டுக் கையாட்டிப் போனார்.

மைதானத்து ஓரம் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். இந்த முறை நான்தான் கேட்டேன். இவனுங்க ஏன் இப்படி ஆயிடுறானுங்க?

"எல்லாரும் ஒரே ஒரு காரணம் கேக்குறாங்க," என்றார். "சின்ன வயசுல அடி, தலையில காயம், அம்மா சரியில்ல, அப்பா சரியில்ல. எல்லாமே கொஞ்சம் கொஞ்சம் உண்மைதான். ஆனா இவனை அடிச்ச அதே பெல்ட்டாலதான் இவன் தம்பியையும் அடிச்சாங்க. தம்பி கடிகாரம் ரிப்பேர் பண்றாரு. வீட்டுல நாலு பூனை வளக்குறாரு. போன தடவை ஒரு பூனை என் பையில ஏறித் தூங்கிடுச்சு, எழுப்ப மனசு வராம ஒரு மணி நேரம் உக்காந்திருந்தேன்."

"அப்போ காரணமே இல்லையா?"

"இருக்கு. ஒருத்தரோட மொத்த பயமும் தன் கையில இருக்கிறது அவனுக்குப் பிடிச்சிருந்தது. அதுக்கு முன்னாடி அவனை யாரும் பெரிசா மதிச்சதில்ல. இதுவரைக்கும் எனக்குக் கிடைச்சது அவ்வளவுதான். பேய், பூதம்னு எழுதினா புத்தகம் நல்லா விக்கும். ஆனா அவன் ஒரு சின்ன ஆளு. அதைத்தான் யாரும் ஏத்துக்க மாட்டேங்குறாங்க."

டீயை முடித்துவிட்டு இரண்டாவது கியர் வரை போனார். இறங்கும்போது சின்னப் பெண்போலக் கைதட்டிக்கொண்டார்.

மார்ச் 27, வியாழன்

மூன்றாவது கியர்! தபால்காரரை முந்திவிட்டோம்!

ஏப்ரல் 8, செவ்வாய்

சிறைக்குப் போனேன். நானாகத்தான் கேட்டேன். இவர் நேற்று முழுக்க என் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துக் கொடுத்தார். கண்ணாடிக் கடைக்காரரின் அன்பு அப்படித்தான் வெளியே வரும்.

காலைப் பத்து மணி. ஜன்னல் பெரிதாக, வெயில் அடிக்கும் அறை. அறுபது வயதுக் கிழவன், காதில் மெஷின், சட்டைப் பையில் சீப்பு. நான் பயப்படத் தயாராகப் போயிருந்தேன். அவன் என்னை அடையாளமே கண்டுகொள்ளவில்லை. பேராசிரியை எடுத்துச் சொன்ன பிறகு முகம் மாறியது. குரல் குழைந்தது.

"நீங்க உங்க அப்பாவைப் பத்திப் பேசினீங்க. அதைக் கேட்டு என் மனசு இளகிடுச்சு. நல்ல பொண்ணு, விட்டுடலாம்னு தோணுச்சு."

வெளியே வந்து அழுதேன்.

காரில் உட்கார்ந்ததும் பேராசிரியை மெதுவாகச் சொன்னார்: "அப்பாவைப் பத்தி நீங்க கோர்ட்ல சொல்லியிருக்கீங்க. அது பதிவுல இருக்கு. அவன் தன் கேஸ் கட்டை மனப்பாடமா வெச்சிருக்கான். நமக்கு எது பிடிக்கும்னு பாத்துக் குடுப்பான். அன்னைக்குக் காரை நிறுத்தினப்பவும் அப்படித்தானே மரியாதையாப் பேசினான்?"

ஐயோ, அந்தப் பதில் எனக்குப் பிடிச்சிருந்துச்சே! நான் நல்லவ, அதான் விட்டான்னு அவன் வாயாலயே கேக்க எவ்ளோ ஆசை எனக்கு! அப்போ மத்த ஏழு பேரும்? அவங்க நல்லவங்க இல்லையா? வெக்கமா இருக்கு. எழுதவே கை கூசுது.

ஏப்ரல் 9, புதன்

வகுப்பு எல்லாவற்றையும் ரத்து செய்தேன். மகள் பள்ளியிலிருந்து வந்து என் தலையை அரை மணி நேரம் பின்னிப் பின்னிப் பிரித்துக்கொண்டிருந்தாள்.

ஏப்ரல் 17, வியாழன்

இன்று வகுப்புக்குப் பேராசிரியை ஒரு காகிதத்தின் நகலோடு வந்தார். வண்டியை ஓரம் கட்டச் சொன்னார். ஓட்டிக்கொண்டிருந்ததே அவர்தான் என்பது இரண்டு பேருக்குமே அப்புறம்தான் உறைத்தது.

பழைய கேஸ் கட்டில் அவன் வாகனத்தைப் பற்றிய காகிதங்கள் தனியாக ஒரு உறையில் கிடந்தனவாம். யாரும் பிரித்துப் பார்த்ததில்லை. அதில் ஒரு ஒர்க்‌ஷாப் சீட்டு. நான் காரில் ஏறிய நாளுக்கு மறுநாள் காலைத் தேதி. ஒரே வரி: 'பயணி பக்கக் கதவு, பூட்டு பிடிக்கவில்லை, மாற்றப்பட்டது.'

படித்ததும் அந்தக் கார் அப்படியே காதுக்குள் வந்துவிட்டது. கதவு வழியெல்லாம் தடதடவென்று ஆடியது. "கதவைப் பிடிச்சுக்கோங்க, விழுந்துடப் போறீங்க" என்று இரண்டு மூன்று முறை சொன்னான். அக்கறை என்று நினைத்தேன். கோர்ட்டில் அதைச் சொல்லத் தோன்றவே இல்லை. சொல்வதற்கு அதில் என்ன இருக்கிறது?

பேராசிரியை நேற்று சிறைக்குப் போய்ச் சீட்டை அவனிடம் காட்டியிருக்கிறார். பார்த்தானாம். சலித்துக்கொண்டானாம். "ஆமா, கதவு. குதிச்சு ஓடிடுவாங்கல்ல? மறந்தே போச்சு" என்றானாம். இந்த முறை குரல் குழையவில்லையாம். அதனால்தான் நம்புகிறேன் என்றார்.

கதவு.

என் அப்பா இல்லை, அம்மாவின் பிரார்த்தனை இல்லை, மூக்கு ஒழுகல் இல்லை, என் வாய் இல்லை. ஒரு உதவாக்கரைப் பூட்டு. எனக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தேன், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். பேராசிரியை முதலில் பயந்தார், பிறகு அவரும் சிரித்தார். சரியாக ஓரம் கட்டாத எங்கள் வண்டிக்குப் பின்னால் நின்ற லாரிக்காரர் ஹாரன் அடித்து அடித்து ஓய்ந்து, இறங்கி வந்து, "எதாச்சும் உதவி வேணுமா?" என்று கேட்டார். இருபத்திரண்டு வருடமாக நெஞ்சில் உட்கார்ந்திருந்தது எழுந்து போயே போய்விட்டது.

ஏப்ரல் 18, வெள்ளி

இல்லை, முழுசாகப் போகவில்லை. அந்த அம்மா என்னிடம் ஒரு கேள்வி கேட்டாரே. இப்போது எனக்குப் பதில் தெரியும். போய்ச் சொல்ல வேண்டாமா?

ஆனால் எப்படிச் சொல்வேன்? மறுநாளே பூட்டை மாத்திட்டான்மா, பத்து நாள் கழிச்சு உங்க பொண்ணு ஏறினாம்மான்னா? தாங்குவாரா?

இவரிடம் கேட்டேன். "கேட்டவங்க அவங்க. பதில் அவங்களோடது. நீ எப்படி வெச்சுக்க முடியும்?" என்றார்.

ஏப்ரல் 27, ஞாயிறு

போனேன். மூன்றாவது மாடி, லிப்ட் இல்லை. கதவைத் திறந்தவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அன்னைக்கு நீலச் சட்டை போட்டிருந்தே" என்றார். அவ்வளவு நன்றாக நினைவு வைத்திருந்தார்.

உட்காரக்கூட இல்லை. நின்றபடியே சொல்லிவிட்டேன். "என்கிட்ட ஒண்ணுமே இல்லம்மா. கார் கதவு பூட்டலை. அவ்வளவுதான்." சீட்டைக் கொடுத்தேன். தேதியைப் பார்த்தார். விரல்விட்டு நாட்களை எண்ணினார்.

எண்ணி முடித்ததும், "அப்போ அவ வாயால இல்லையா?" என்றார்.

எனக்குப் புரியவில்லை.

"என் பொண்ணு பெரிய வாயாடி. யாரா இருந்தாலும் வெடுக்குன்னு பேசிடுவா. நீ சாட்சி சொன்னப்போ உள்ள வந்து கேக்க எனக்குத் தெம்பில்ல. நீ அமைதியான பொண்ணு, பயந்து பேசாம இருந்திருப்பே, அதான் விட்டுட்டான், இவ எதுத்துப் பேசியிருப்பா, அதான்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படித்தான் நெனச்சேன். இத்தனை வருஷமா மனசுக்குள்ள அவளைத் திட்டிட்டே இருந்தேன்மா. ஏண்டி பேசினே, ஏண்டி பேசினேன்னு."

"அம்மா, நான் நாப்பது நிமிஷமும் பேசிட்டே இருந்தேன்," என்றேன். "என் வீட்டுக்காரரைக் கேட்டுப் பாருங்க."

அவர் முகத்தைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். அழுதார்தான். ஆனால் நடுவே தோள் குலுங்கியது வேறு மாதிரி. கையை எடுத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார். "அவளும் அப்படித்தான்! தலைமை ஆசிரியைகிட்ட, 'டீச்சர், உங்க கையெழுத்து எனக்கே புரியல, எங்க அம்மாவுக்கு எப்படிப் புரியும்'னு கேட்டுட்டு வந்தா. ரெண்டாங் கிளாஸ்ல!"

பிறகு ஆரம்பித்தார். மூன்று மணி நேரம். அந்தப் பெண் தையல் மெஷினோடு சண்டை போட்டது, பஸ் கண்டக்டரைப் பாட வைத்தது, பிறந்தநாள் கேக்கை முந்தின நாளே தின்றுவிட்டு எறும்பு மேல் பழி போட்டது. என் வயதாகியிருக்கும் இப்போது. நான் கிளம்பும்போது, "இன்னும் பாதிகூடச் சொல்லலை" என்றார்.

மே 15, வியாழன்

பேராசிரியை டெஸ்ட்டில் தேறிவிட்டார்!! இரண்டாவது முயற்சி. பரிசோதகர் கையெழுத்துப் போட்டதும் அவரையே கட்டிப்பிடித்துவிட்டார். அந்த மனிதர் காது வரை சிவந்துபோனார். பல் டாக்டரும் இன்றே தேறினார். இருவருக்கும் சேர்த்து அலுவலக வாசலிலேயே ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தேன்.

ஐஸ்கிரீம் சாப்பிடும்போது பேராசிரியை சொன்னார்: அந்த அம்மாவிடம் தன் புத்தகத்தின் கையெழுத்துப் பிரதியைக் காட்டியிருக்கிறார். அந்த அம்மா படிக்காமல் பக்கங்களை மட்டும் எண்ணினாராம். "அவனுக்கு இருநூறு பக்கம். என் பொண்ணுக்கு ஒன்றரை" என்றாராம். பேராசிரியை இனி ஏழு வீட்டுக்கும் போகப்போகிறார். தானே ஓட்டிக்கொண்டு.

ஜூன் 8, ஞாயிறு

அந்த அம்மா வீட்டில் மதியச் சாப்பாடு. இவரும் மகளும் கூட வந்தார்கள். இவர் உட்கார்ந்த கையோடு அவருடைய கண்ணாடியை வாங்கிக் காம்பைச் சரிசெய்ய ஆரம்பித்துவிட்டார். மகளிடம் அந்த அம்மா எறும்புக் கதையைச் சொல்ல, இரண்டு பேரும் உருண்டு புரண்டு சிரித்தார்கள்.

எதிர் வீட்டுக்காரம்மா சத்தம் கேட்டு எட்டிப் பார்த்து, "விருந்தாளியா? யாரு, சொந்தமா?" என்று கேட்டார்.

அந்த அம்மா உருளைக்கிழங்கை என் தட்டில் மறுபடியும் வைத்துக்கொண்டே, திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்:

"எம் பொண்ணோட சிநேகிதி."