ஞாயிற்றுக்கிழமைக் கணக்கு

தளேகாவ்,
12 ஜூன் 2003

அன்புள்ள சியாமளாவுக்குத் தஸ்லீம் எழுதுவது.

நலமா? நகரத்து கேம்ப் பகுதியிலிருந்து இங்கே வர உனக்கு மட்டும் ரயிலே கிடைப்பதில்லை!

என் தங்கை ஆயிஷா பன்னிரண்டாவதில் நல்ல மார்க் வாங்கியிருக்கிறாள். நாம் படித்த கல்லூரியிலேயே கணிதம் படிக்க வேண்டுமாம். நம் காலத்தில் ஃபீஸைக் கேட்டுவிட்டு வாப்பா, "பஸ் பாஸவிடக் கம்மியால்ல இருக்கு!" என்று சிரித்தது நினைவிருக்கிறதா? கசார்வாடி வெல்டிங் பட்டறைக்காரர் மகளான நான் இன்று தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாடு பார்க்கிறேன் என்றால் அந்தக் கல்லூரியால்தான். இப்போது நீயே அங்கே ஆசிரியை. எனக்கென்ன கவலை?

உன்,
தஸ்லீம்

கேம்ப்,
20 ஜூன் 2003

அருமைத் தஸ்லீம்,

ஆயிஷாவைக் கட்டியணைத்துக்கொண்டேன் என்று அவளிடம் சொல். அடுத்த வரியை எழுதத்தான் கை வரவில்லை. அரசு உதவி பெறும் கணிதப் பிரிவை இந்த ஆண்டோடு மூடுகிறார்கள். அதே வகுப்பறையில் இனி சுயநிதிப் பிரிவு. அந்தக் கட்டணம் வாப்பாவின் பட்டறைக்குத் தாங்காது. முதல்வரிடம் கெஞ்சிப் பார்த்தேன், பலனில்லை.

தற்காலிக ஆசிரியையான என்னை நிரந்தரமாக்கி, புதிய பிரிவை நடத்தச் சொல்கிறார்கள். மாட்டேன் என்று சொல்லிவிடப் போகிறேன்.

சியாமளா

தளேகாவ்,
28 ஜூன் 2003

சியாமி,

நீ வேலையை விட்டால் ஆயிஷாவுக்கு இடம் கிடைத்துவிடுமா? உன் அம்மாவுக்கு மருந்து யார் வாங்குவது? பேசாமல் ஒப்புக்கொள்.

ஆயிஷா அழுது முடித்து, திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தில் தபால்வழிப் படிப்புக்குச் சேர்ந்துவிட்டாள். "லாத்தா, பொஸ்தகம் வீட்டுக்கே வந்துரும். புரியலன்னா யார்ட்ட கேக்க?" என்கிறாள். ஞாயிற்றுக்கிழமைகளில் உன்னிடம் அனுப்பட்டுமா?

தஸ்லீம்

கேம்ப்,
3 ஜூலை 2003

இதைக் கேட்கவும் வேண்டுமாடி? அனுப்பு. பசியோடு வரச் சொல், அம்மா அடை வார்ப்பாள். புதிய பிரிவுக்குச் சரி என்று சொல்லிவிட்டேன்; மனம்தான் இன்னும் சொல்லவில்லை.

சியாமளா

தளேகாவ்,
9 ஆகஸ்ட் 2006

என் சியாமிக்கு,

ஆயிஷா முதல் வகுப்பில் தேறிவிட்டாள்! வாப்பா தெருவுக்கே பேடா கொடுத்தார். உனக்கும் அம்மாவுக்கும் அல்லாஹ் எல்லா நலமும் தரட்டும்.

"உனக்கு என்னடி வேணும்?" என்று கேட்டேன். "சியாமளாக்கா மாதிரி ஒரு கூட்டாளி" என்றாள். இத்தனை வருடம் படித்தும் அவளுக்குப் பக்கத்தில் உட்கார ஒருத்தி கிடைக்கவில்லை, சியாமி.

எனக்கு அந்தக் கல்லூரி உன்னைக் கொடுத்தது. இதுவரை சொன்னதில்லை, இன்று சொல்கிறேன்.

என்றும் உன்,
தஸ்லீம்