சீசன் பழக்கூடை

ஜூலை 16, புதன், ராத்திரி.

குற்றாலத்துல இன்னைக்குக் கிட்னி டாக்டர்கள் சங்கத்துக் கூட்டம். ஆராய்ச்சிக்கு நிதி கேட்டு எம்.பி.கிட்ட மனு குடுக்காங்க. நோயாளி ஒருத்தர் பேசுனா எடுபடும்னு சொல்லி, தென்காசியில எனக்கு டயாலிசிஸ் பாக்குற டாக்டர் என்னையக் கூட்டிட்டுப் போனாரு.

என்கிட்ட இருந்தது ஒரே ஒரு கேள்வி. எனக்குச் சுகர் கிடையாது, பிரஷர் கிடையாது. அச்சன்புதூர் வயல்ல என்கூடப் பூச்சிமருந்து அடிச்ச ரெண்டு பேருக்கும் கிடையாது. அப்புறம் எதனால எங்க மூணு பேருக்கும் கிட்னி போச்சு? இதைக் கண்டுபிடிக்கத்தான நிதி கேக்காங்கன்னு நெனச்சுட்டேன்.

மேடை ஏறும்போது டாக்டர் காதுல சொன்னாரு: "அண்ணாச்சி, பூச்சிமருந்துப் பேச்சு இங்கன வேண்டாம், எம்.பி. சங்கடப்படுவாரு. இலவச டயாலிசிஸுக்கு நன்றி மட்டும் சொல்லிருங்க."

சொன்னேன். கும்பிட்டு வேற தொலைச்சேன். கைதட்டுனாங்க. சால்வை போட்டு, சீசன் பழம் ஒரு கூடை குடுத்தாங்க. மாம்பழம், பலாச்சுளை, வாழை, மேல ஒரு இளநீர்.

வீட்டுல என் பொண்டாட்டி செல்வி கூடையைப் பார்த்தா. "பொட்டாசியம் ஏறுனா நெஞ்சு நின்னுரும், இதுல ஒண்ணையும் தொடக் கூடாதுன்னு டாக்டர்தான சொன்னாரு? எந்தக் கூறுகெட்ட பய இதைக் குடுத்தான்?"

"கிட்னி டாக்டர் சங்கம்"னேன். அவ கூடையைப் பக்கத்து வீட்டு ஆட்டுக்குக் கொண்டு போயிட்டா.

காலையில ஆறு மணிக்கு டயாலிசிஸ். அதே டாக்டர்கிட்டதான் போய்க் கையை நீட்டணும். அதுவரைக்குமாவது கோவமா இருந்துக்கிடுதேன்.