கல்லில் திருப்பி எழுதிய வரி

என் பிரியமுள்ள அப்பாவுக்கு,

வெள்ளைக்காரன் போய்விட்டான். நான் பி.ஏ. பாஸ் செய்து, திருமங்கலத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறேன். பிள்ளைகள் முன்னால் இன்னும் மெதுவாகத்தான் பேசுகிறேன்.

நேற்று உங்கள் பிரஸ் முதலாளி வீட்டுக்கு வந்தார். அச்சுக்கல்லில் நீங்கள் வரைந்த துர்க்கையம்மன் படத்தை மறுபடி போடப்போகிறாராம். அவள் காலடியில் கிடக்கும் எருமைத்தலை அசுரனுக்கு நீங்கள் துரைமார் தொப்பி போட்டீர்கள். வடக்கே இந்து முஸ்லிம் கலவரம் நடப்பதால் இப்போது அதை மாற்றிக் குல்லா போட வேண்டுமாம். பிரஸ்ஸில் உங்களோடு அச்சுக்கல் தேய்த்த காதர் அண்ணன் தலையில் இருக்கும் அதே குல்லா.

"படிச்ச பிள்ளை, கீழே ஒரு வரி எழுதிக் குடும்மா" என்றார்.

அந்தப் படம் வரைந்த அன்றைக்கு நீங்களும் இதைத்தான் கேட்டீர்கள். "நீதான் தாயி வார்த்தை சொல்லணும்." 'தாயே, எங்கள் விலங்கை முறி' என்று தாளில் எழுதித் தந்தேன். எழுத்தே தெரியாத நீங்கள், அச்சில் நேராக விழுவதற்காக, அதைப் படம்போலப் பார்த்துக் கல்லில் இடம்வலமாகத் திருப்பி வரைந்தீர்கள்.

இன்ஸ்பெக்டர் படத்தோடு வந்தபோது அம்மா குழாயடியில் இருந்தாள். நான் கதவுக்குப் பின்னால்.

"எருமைக்கு எதுக்குய்யா தொப்பி?"

"மதுரை வெயிலு அம்புட்டுக் கொடுமைங்க."

"இந்த வரி எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"எழுதிக் காட்டு."

எழுதினீர்கள். கல்லில் எழுதிய பழக்கம். வலமிருந்து இடமாக, எல்லா எழுத்தும் திரும்பி. அவர் சுவர்க் கண்ணாடியைக் கழற்றி எதிரே பிடித்தார். ஓர் எழுத்துப் பிசகவில்லை. கையோடு உங்களை ஜெயிலுக்குக் கொண்டுபோனார். நான் ஏன் வெளியே வரவில்லை, அப்பா? நாலாம் மாதம் ஜெயில் காய்ச்சலில் செத்துப்போன உங்களைக் காதர் அண்ணன்தான் வண்டியில் கொண்டுவந்தார்.

நேற்று முதலாளியிடம் அம்மா கத்தினாள்: "எம் மக எழுத மாட்டா. இவ அப்பாவுக்கு ஒரு எழுத்தும் தெரியாது. எந்தப் பாவி எழுதிக் குடுத்தானோ, அந்தக் கை வெளங்காமப் போக!"

பிறகு உள்ளே வந்து, சோற்றை உருட்டி என் கையில் வைத்தாள்.

அன்று நான் வரி எழுதித் தந்த தாள் என் பெட்டியில்தான் இருக்கிறது. அசுரனின் குல்லாவுக்குக் கீழே நான் ஒரு வார்த்தையும் எழுத மாட்டேன். இன்று விளக்கு வைத்ததும் அம்மா முன்னால் உட்கார்ந்து அந்தத் தாளை வாய்விட்டு வாசிப்பேன். அவள் என்ன சொன்னாலும் எழுந்து போகமாட்டேன்.

கதவுக்குப் பின்னால் நின்ற உங்கள் மகள்,
மீனாட்சி