பத்தாம் நாள் பஸ்

அண்ணி,

அந்த எனாமல் பேசினைப் பரணிலிருந்து இறக்கிப் பத்து நாளாகிறது. அடியில் ஊதா மருந்தின் பழுப்புக் கறை அப்படியே இருக்கிறது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை. உங்களுக்கு வந்த அதே இடத்தில் உங்கள் மகளுக்கும் ஒரு சின்னக் கட்டி. சேலத்தில் எடுத்துத் தையல் போட்டு அனுப்பினார்கள். அவளுக்காக வெந்நீரில் மருந்துத் துகளைப் போட்டேன். தண்ணீர் ஊதாவாக மாறியதைப் பார்த்ததும் நீங்கள்தான் கண்ணில் நின்றீர்கள்.

நீங்கள் சேலத்தில் கட்டியை அறுத்து எடுத்துவிட்டு வந்தது காப்பிப் பழம் பறிக்கிற மார்கழியில். அவரைக்கொட்டை அளவுதான் இருந்தது. அண்ணனிடம் ‘பொம்பளைங்க சமாச்சாரம்’ என்றீர்கள். அவரும் அதற்குமேல் கேட்கவில்லை. கூட வந்தவள் நான். அதனால் டாக்டரம்மா சொன்னதையெல்லாம் நான்தான் மனப்பாடமாக வைத்திருந்தேன். காலையும் மாலையும் ஊதாத் தண்ணீரில் உட்கார வேண்டும். கொதிக்கவைத்துக் காயப்போட்ட துணியால் ஒற்ற வேண்டும், தேய்க்கக் கூடாது. பாரம் தூக்கக் கூடாது. பத்தாம் நாள் வந்து காட்ட வேண்டும். முக்கினால் தையல் விட்டுவிடும் என்று பயந்து மலை வாழைப்பழமாக உங்களுக்குக் கொடுத்துத் தள்ளினேன்.

மத்தியானம் கதவைத் தாழிட்டு, கண்ணாடி ஓட்டு வெளிச்சத்தில் பாயைப் போட்டு, தினமும் தையலைப் பார்ப்பேன். நீங்கள் முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வீர்கள்.

“கட்டுனவரே வெளிச்சத்துல பாத்ததில்ல அம்மிணி. நீ பாக்கற.”

எனக்குச் சிரிப்பு வரும், உங்களுக்கும் வரும். சிரித்தால் தையல் இழுக்கும். “சிரிக்க வெக்காத” என்று பழியை என்மேலேயே போடுவீர்கள்.

எனக்கு இதிலெல்லாம் ஒரு கர்வம் அண்ணி. நானே குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்து, வயிற்றுத் தையல் பிரித்து வந்தவள் இல்லையா. சிவப்பு எது, சீழ் எது என்று எனக்குத் தெரியாதா என்ற நினைப்பு. எட்டாம் நாள் நூல் தானாக உதிர்ந்து துணியோடு வந்தது. புண் சுத்தமாக ஆறியிருந்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

பத்தாம் நாள் காலை நீங்கள் குளித்து, நீலச் சேலை கட்டி, ஆஸ்பத்திரிச் சீட்டை மணிபர்சில் வைத்துக்கொண்டு, சேலம் போக நாகலூரிலிருந்து வரும் பஸ்ஸுக்குக் கிளம்பி நின்றீர்கள்.

“எங்கீங்க அண்ணி கெளம்பீட்டீங்க?”

“டாக்டரம்மா வரச்சொன்னாங்களே அம்மிணி.”

“தையல் பிரிக்கத்தானுங்க வரச்சொன்னாங்க. நூலே உதுந்து போச்சு. ஆறுன புண்ணக் காட்டறதுக்கு அத்தன வளைவும் குலுங்கிக்கிட்டு எறங்கோணுமா?”

உங்கள் முகம் தெளிந்ததே, அதை என்னால் மறக்க முடியவில்லை. “நீ சொன்னாச் சரி. மறுபடியும் அங்க போயிப் படுத்துக் காட்டோணுமேன்னு எனக்கு நொம்பக் கூச்சமா இருந்துச்சு” என்று சேலையை மாற்றிக்கொண்டீர்கள். நான் கூடையை எடுத்துக்கொண்டு பழம் பறிக்கப் போனேன்.

எடுத்த கட்டியைப் பரிசோதனைக்கு அனுப்பியிருந்தார்கள். அதன் முடிவைச் சொல்லத்தான் பத்தாம் நாள் வரச்சொன்னார்கள். அன்றைக்கே அதைச் சொல்லித்தான் இருப்பார்கள். என் காதில் தையல் மட்டும்தான் விழுந்திருக்கிறது.

இரண்டு வருஷம் கழித்து உங்களுக்குத் தொடையிடுக்கில் நெறி கட்டியது. அது வடியவே இல்லை. இந்தத் தடவை அண்ணனும் சேர்ந்து மூவரும் சேலம் போனோம். டாக்டரம்மா பழைய தாளைத் தேடி எடுத்துப் படித்தார்.

“புற்றுன்னு அப்பவே வந்திருக்கு. ஏம்மா அன்னிக்கு வரல?”

அண்ணன் உங்களைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன்.

“நாந்தானுங்க வரல. மலைப் பஸ்ஸுக்குச் சோம்பிக்கிட்டு இருந்துட்டேன்” என்றீர்கள்.

அண்ணன் அங்கேயே திட்டினார், வீட்டுக்கு வந்தும் திட்டினார். நீங்கள் படுக்கையில் விழுந்த பிறகும், “ஒரு நடை போயிட்டு வர உனக்கு அவ்ளோ சோம்பலா?” என்று அழுதுகொண்டே கேட்டார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். உங்களுக்குக் கஞ்சி ஆற்றிக்கொண்டு, வாயைத் திறக்காமல் இருந்தேன்.

ஒருநாள் நாம் இருவரும் மட்டும் இருந்தபோது, “அண்ணி, அன்னிக்கு நாந்தானே” என்று ஆரம்பித்தேன்.

“உடு அம்மிணி. எனக்கப்பறம் எம்புள்ளைய ஆரு பாப்பா? உங்கண்ணன் உன்னைய இந்த ஊட்டுப் பக்கம் வர உடலீன்னா அவ என்ன பண்ணுவா?”

நீங்கள் பிள்ளைக்காகச் சொன்னீர்கள். நான் அதை எனக்குச் சாக்காக வைத்துக்கொண்டேன். நீங்கள் போன பிறகு அவளுக்குத் தலை பின்னி, பள்ளிக்கூடம் அனுப்பி, கல்யாணமும் செய்து வைத்தாயிற்று. ஆனாலும் சொல்லவில்லை. நான் கோழை அண்ணி, வேறென்ன சொல்ல.

இன்று அவளுக்குப் பத்தாம் நாள். புண் ஆறியிருந்தது, நூலும் உதிர்ந்திருந்தது. விடிந்ததுமே, “கெளம்பு கண்ணு” என்றேன்.

“கெளம்பீட்டேனுங்க அத்தை. அம்மா மாதிரி நானும் சோம்பிக்கிட்டு இருப்பனா?” என்றாள்.

அவள் விளையாட்டாகத்தான் சொன்னாள். ஏற்காட்டில் பஸ் மாறி, முதல் வளைவு திரும்பும்போது சொல்லிவிட்டேன்.

“உங்கம்மா சோம்பேறியில்ல கண்ணு. சேலை கட்டிக் கெளம்பித்தான் நின்னாங்க. வேண்டாம்னு நிறுத்துனது நான்.”

அவள் என் பக்கம் திரும்பினாள்.

“அப்பாவுக்குத் தெரியுங்களா?”

“தெரியாது.”

பிறகு ஜன்னல் பக்கம் திரும்பியவள் அடிவாரம் வரும்வரை திரும்பவில்லை. ஆஸ்பத்திரியில் தாளைக் கொடுத்தார்கள். கெடுதல் ஒன்றுமில்லை என்று இருந்தது. இரண்டு தடவை படித்தாள், மடித்தாள். வீடு வந்து சேர்ந்ததும் அதை என் கையில் கொடுத்தாள்.

“அப்பா வந்ததும் நீங்களே குடுங்க அத்தை. அதையும் சொல்லிருங்க.”

அண்ணன் களத்தில் காப்பியை அள்ளிக்கொண்டிருக்கிறார். பலகை தரையில் இழுபடுகிற சத்தம் இங்கே கேட்கிறது. நான் வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறேன், தாள் என் மடியில் இருக்கிறது. இப்போது சத்தம் நின்றுவிட்டது.